மனாசேயும் காணாமல் போகாத பாட்டும்

பசிபிக் கடலின் தொங்காத் தீவுகளில், நெயாஃபு துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்த்துக்கொண்டிருந்த மனாசே, ஊர் வானொலி நிலையத்துக்குள் முதலில் நுழைந்தது ஜெனரேட்டரைச் சரிசெய்யத்தான். போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஒன்பது வருஷத்தில் மைக், ஆண்டெனா, டீ போடும் கெட்டில் எல்லாமே அவர் கைக்கு வந்துவிட்டன. தீவுக்கு நல்ல இணையம் வந்ததும் ப்ரோகிராம் எழுதவும் தானாகவே கற்றுக்கொண்டார். அன்றன்றைய பட்டியலைப் பார்த்து, அந்தந்த நேரத்துக்கு அந்தந்தப் பாட்டைத் தானே எடுத்து ஒலிபரப்பும் ப்ரோகிராம் ஒன்றை எழுதியும் வைத்திருந்தார். கெட்டிக்காரர்தான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரே ஒரு குறை, எதையும் முழுசாகப் படிக்க மாட்டார். மருந்துச் சீட்டானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் முதல் வரியோடு சரி.

நிலையத்தின் மூத்த அறிவிப்பாளர் லெசியெலி, மனாசே மனைவியின் அக்கா. தொங்கா முழுக்கப் பழகிய குரல். அந்தக் குரலுக்கு மனாசேயை வம்புக்கிழுப்பதுதான் காலைப் பலகாரம்.

அந்த வியாழக்கிழமை மனாசேக்கு ஒழுங்கு பிடித்துக்கொண்டது. ஒரே குவியலாகக் கிடந்த ஃபைல்களையெல்லாம் பிரித்தார். பாட்டுகளை 'ஹிவா' என்ற ஃபோல்டரில் போட்டார். ஹிவா என்றால் பாட்டு. ப்ரோகிராமிலும் அதற்கேற்ப மாற்றம் செய்தார். ஒருமுறை ஓட்டிப் பார்த்தாரா? இல்லை. வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் செய்திகளுக்குப் பிறகு முதல் பாட்டே, காலை பத்து மணிக்கு, தாஅனேயா கிராமத்துப் பாடகர் குழுவின் பாட்டுதான். புதுத் தேவாலயத் திறப்புக்காக அவர்கள் பாடிய பாட்டு அது. லெசியெலி நேரில் போய்ப் பதிவுசெய்து, 'தாஅனேயா' என்று தன் கையாலேயே பெயரிட்டு வைத்திருந்தார். கிராமமே வேலையை விட்டுவிட்டு, குழுத் தலைவர் தானியேலா வீட்டு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

பத்து அடித்தது. லெசியெலி நெகிழ்ச்சியாக அறிமுகம் சொல்லி முடித்தார். ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை.

மனாசே திரையைப் பார்த்தார். 'ஃபைல் கிடைக்கவில்லை' என்று ஆரம்பித்து ஒரு நீள வரி. முதல் இரண்டு சொல்லோடு அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மதினி, பாட்ட அழிச்சிட்டீங்க!"

"நானா?" லெசியெலி மைக்கை அணைத்தார். "நான் என் பல்லு செட்டக்கூட எங்கேயும் வச்சி மறந்ததில்ல மாப்ளே."

"பின்ன கிடைக்கலேன்னு சொல்லுதே? மெஷின் பொய் சொல்லுமா?"

இதை நிலைய மேலாளர் காதில் விழும்படியே சொன்னார். லெசியெலியின் முகம் ஒரு கணம் சுருங்கியது. மைக்கைத் திறந்து, வானிலை அறிக்கையை இரண்டாம் முறை வாசித்தார். கடல் அலை பற்றி முதல் முறை சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார். அதற்குள் மனாசே ஃபோல்டரைத் திறந்தார். பாட்டு அங்கேயே இருந்தது. அழித்தவர் யாருமில்லை. ஆனால் அதைக் கையால் எடுத்துப் போட அவர் வழி வைத்திருக்கவில்லை, எல்லாம் ப்ரோகிராம் வழியாகத்தான்.

ஃபோன் மணி அடித்தது. தானியேலாதான்.

"என்ன லெசியெலி, எங்க பாட்டுக்கு பதிலா காத்து வீசுறத கேக்கவா இத்தன பேரு உட்கார்ந்திருக்கோம்?"

"எல்லாரும் அங்கதான இருக்கீங்க? அப்போ ஃபோன்லயே பாடுங்க, அப்படியே ஒலிபரப்புறேன்."

பாடினார்கள். நடுவில் ஒரு பன்றி உறுமியது, ஒரு குழந்தை அழுதது. ஆனால் நாற்பது தொண்டைகள் ஒன்றாக எழும்பியபோது மேலாளர்கூடக் கதவோரம் வந்து நின்றுவிட்டார்.

அந்த நேரத்தில் லெசியெலி மனாசேயின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அந்த வரியில மிச்சம் என்ன எழுதியிருக்கு?"

"அதெல்லாம் மெஷின் உளறல் மதினி."

"நான் வாசிக்கிறேன், கேளு." செய்தி வாசிக்கும் அதே குரலில் வாசித்தார். "ஹிவாதாஅனேயா. என்ன மாப்ளே இது, மூச்சே விடாம ஒரே சொல்லா ஓடுது?"

மனாசே விழித்தார். ஃபோல்டர் பெயரையும் பாட்டுப் பெயரையும் ஒட்டும்போது நடுவே சாய்கோடு போட மறந்திருந்தார். அதனால் 'ஹிவா'வுக்குள் போய்த் தேட வேண்டிய ப்ரோகிராம், 'ஹிவாதாஅனேயா' என்று உலகத்தில் இல்லாத ஒரு பாட்டை வெளியிலேயே தேடிக்கொண்டிருந்தது. சாய்கோட்டைப் போட்டு ஓட்டினார். மறுபடியும் 'கிடைக்கவில்லை'.

"இப்பவும் வாசிக்கவா?" என்றார் லெசியெலி.

"வாசிங்க மதினி." குரல் இறங்கியிருந்தது.

இந்த முறை அவர் திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கினார். தொங்கா மொழியில் தாஅனேயா என்று எழுதும்போது, தொண்டையில் அடைத்துத் திறக்கும் இடத்தில் மேலே ஒரு சின்னக் குறி வரும். லெசியெலி ஃபைலுக்குப் பெயரிடும்போது அதை முறைப்படி வளைத்துப் போட்டிருந்தார். மனாசே பட்டியலில் விசைப்பலகையில் அகப்பட்ட நேர்க்குறியைத் தட்டியிருந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மெஷினுக்கு வேறு வேறு.

"நம்ம பாஷைய நான் ஒழுங்கா எழுதினேன். நீ எஞ்சினுக்கு ஆணி அடிக்கிற மாதிரி எழுதியிருக்க."

மனாசே பெயரைத் தட்டாமல், ஃபோல்டரிலிருந்து அப்படியே நகலெடுத்துப் பட்டியலில் வைத்தார். பாட்டு வந்தது. பத்து மணி தாண்டிப் பதினோராவது நிமிஷம், ஃபோன் பாட்டு முடிந்த கையோடு, பதிவும் ஒலித்தது.

"மன்னிச்சிருங்க மதினி," என்றார் மெதுவாக.

"மேலாளருக்குக் கேக்குற மாதிரிதான பழி போட்ட? மன்னிப்பு ஊருக்கே கேக்கட்டும்." மைக்கை அவர் பக்கம் தள்ளினார்.

ஒன்பது வருஷமாக மனாசே மைக்கைக் கழற்றி மாட்டியிருக்கிறாரே தவிர, அதில் பேசியதில்லை. ஆறடிக்கு மேலிருந்த அந்த உடம்பிலிருந்து கொசுக் குரல் வந்தது. "பாட்டு காணாமப் போகல. இருந்த இடத்துலதான் இருந்துச்சு. நான்தான் தப்பான இடத்துல தேட விட்டேன். லெசியெலி மதினி எதையும் அழிக்கல."

ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பாலில் வேகவைத்த 'லூ' என்ற சேம்பிலைப் பொட்டலங்களை மனாசேயே லெசியெலி வீட்டுக்குக் கொண்டுபோனார். "உப்பு எங்கேன்னு தேடிட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே லெசியெலி மூன்று பொட்டலத்தைக் காலிசெய்தார்.

சந்தையில் மரவள்ளி விற்கும் பெண்கள்கூட மாதக்கணக்கில் "மனாசே, கிடைச்சுதா?" என்று கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டு நடப்பார். இப்போது அவருடைய ப்ரோகிராம் விடிந்ததும் அன்றைய பட்டியல் முழுவதையும் ஒருமுறை தேடிப் பார்த்து, எதை எங்கே தேடியது என்று வரிவரியாக எழுதித் தருகிறது. அதை மனாசே கடைசி வரி வரை படிக்கிறார், விரல் வைத்து. தானியேலாவின் குழு மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பதிவைவிட, பன்றி உறுமிய அந்த ஃபோன் பாட்டுதான் நன்றாக இருந்ததாம்.