சப்பாத்தைக் கழற்றிய இடம்

மொன்றியலுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் மொன்றியலைப் பார்த்தாயா என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். லண்டனிலிருந்து என் மச்சாள் ஒரு தடவை வந்து நின்றாள். வந்த கிழமைக்குள்ளேயே பழைய நகரம், துறைமுகம், பெரிய ராட்டினம் எல்லாம் பார்த்துப் படமும் எடுத்து வந்து எனக்குக் காட்டினாள். "மச்சாள், உங்கடை ஊர்தானே, இது எந்த இடமெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று சிரித்தாள். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன்.

வந்த காலத்தில் தையல் தொழிற்சாலையில் வேலை. என் கணவர் காரில் கொண்டுபோய் விடுவார், பின்னேரம் ஏற்றி வருவார். எங்காவது நடந்து போனால் அவர் முன்னால், நான் அவருடைய குதிக்காலைப் பார்த்துக்கொண்டு பின்னால். வழியை நான் பார்க்கவில்லை. அவர் காலமான பிறகு அந்த இடத்துக்கு மகள் வந்தாள். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். பிரெஞ்சில் பொன்ஜூரும் மெர்சியும் தெரியும். அதைக்கூட வாய்க்குள்தான் சொல்வேன். சத்தமாகச் சொன்னால் அவர்கள் திருப்பி ஏதாவது கேட்டுவிடுவார்கள்.

போன வருடம் மருமகனுக்கு ரொறன்ரோவில் வேலை கிடைத்தது. அங்கே வீடும் பார்த்தார்கள். எனக்குக் கீழே நிலவறையில் ஓர் அறை. விடிந்தால் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவார்கள், கடைக்குப் போவதென்றாலும் கார் வேண்டும். இங்கே மொன்றியலில், வில்லரேப் பகுதியில், என்னோடு தையல் வேலை செய்த சிநேகிதி, வயது போனவர்களுக்கான கட்டடம் ஒன்றில் இருக்கிறாள். அங்கே ஓர் அறை காலியாக இருந்தது. கோயிலுக்கு நடந்து போகலாம், மரக்கறிக் கடைக்கு நடந்து போகலாம். எனக்கு அந்த அறை வேண்டும் என்று மகளிடம் கேட்டேன். அதுவரை எனக்கென்று நான் ஒன்றும் கேட்டதில்லை. கேட்கும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, சோற்றுக் கோப்பையைத்தான் பார்த்தேன்.

மருமகனுக்குச் சிரிப்பு. "மாமி தனிய இருக்கப் போறாவாம். மெற்றோவிலை தனிய ஒருநாள் ஏறியிருக்கிறியளோ மாமி?"

"பகிடி விடாதேங்கோ" என்று அவரை அடக்கிவிட்டு மகள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நான் ஒண்டு சொல்லட்டே? ஒருநாள் தனியப் பழைய ரவுணுக்குப் போய்ச் சுத்திப் பாத்திட்டு வாங்கோ. ஆரையும் கூட்டிக்கொண்டு போகாமல், என்னை வரச்சொல்லிக் கூப்பிடாமல். வந்திட்டியளெண்டா அந்த அறைக்கு நானே போய்க் கதைக்கிறன். இல்லாட்டி பேசாமல் எங்களோடை வாங்கோ."

நான் மாட்டேன் என்று சொல்வேன் என நினைத்துத்தான் சொல்லியிருப்பாள். நான் "ஓம்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது.

குளிர் தொடங்குகிற காலம். கோட்டைப் போட்டு, பயண அட்டையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வெளியில் வாங்கிச் சாப்பிடப் பயம். வாங்குவதென்றால் கதைக்க வேண்டும். அதனால் மீன் ரோல்ஸ் பொரித்து ஒரு துணிப்பைக்குள் வைத்தேன். போனும் அதற்குள்தான். மெற்றோவில் நிற்கும் இடங்களின் பெயரை ஒரு பெண்குரல் சொல்லிக்கொண்டே வரும். இறங்க வேண்டிய இடத்தின் பெயரை வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருந்தேன், செபம் சொல்வதுபோல. பக்கத்தில் இருந்தவள் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

மேலே வந்தபோது கல் பதித்த தெருக்கள். பழைய வீடுகள், சாம்பல் நிறம். வடிவுதான். ஆனால் எனக்கு நெஞ்சு அடித்த அடியில் வடிவு கண்ணுக்குள் நிற்கவில்லை. சீனாக்காரர் கூட்டம் ஒன்று சுற்றிப் பார்க்க வந்திருந்தது. ஒரு பெண் சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். அவர்கள் நின்றால் நின்றேன், மேலே பார்த்தால் நானும் மேலே பார்த்தேன். அப்படியே துறைமுகம் வரை வந்துவிட்டேன். ஆறு பெரிது, மச்சாளின் படத்தில் இருந்ததைவிடப் பெரிது. ராட்டினம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, பார்த்துவிட்டேன் என்று ஒரு சின்னச் சந்தோசம்.

பிறகு அந்தக் கூட்டம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போனது. கதவு சாத்திக்கொண்டது. நான் தெருவில் தனியே நின்றேன். எந்தப் பக்கத்தால் வந்தேன் என்று திரும்பிப் பார்த்தால் எல்லாத் தெருவும் ஒரே தெருவாக இருந்தது. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டால் வந்துவிடுவாள். கூப்பிட்டால் அறை போய்விடும். பைக்குள் கையை விட்டு எடுத்தேன், திரும்பவும் வைத்தேன்.

அப்போதுதான் அந்தத் தேவாலயம் தெரிந்தது. சின்னது, பழையது. வாசலுக்கு மேலே மாதா நின்றா. ஊரில் எங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் மாதா கோயிலிலும் மெழுகுதிரி கொளுத்துவோம். சைவக்காரர் என்று யாரும் எங்களைத் தடுத்ததில்லை. உள்ளே போய் ஒரு கொஞ்ச நேரம் இருந்தால் மூச்சு வரும் என்று நினைத்தேன்.

சப்பாத்தோடு எப்படிப் போவது? வாசலைப் பார்த்தேன். ஒருவருடைய சப்பாத்தும் அங்கே இல்லை. நான் மட்டும் வாசலில் கழற்ற வெட்கப்பட்டு, கட்டடத்தின் ஓரத்தால் போய், ஆற்றைப் பார்த்த பக்கத்துச் சுவரடியில் கழற்றினேன். பையும் இருந்தது. பைக்குள் மீன். மீன் மச்சத்தைக் கொண்டு எந்தக் கோயிலுக்குள்ளும் நான் போனதில்லை. பையையும் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சொக்ஸோடு உள்ளே போனேன்.

உள்ளே இருட்டும் மெழுகு வாசமும். கடைசி மர வாங்கில் போய் உட்கார்ந்தேன். "அம்மா தாயே, அந்த அறையை எனக்குத் தா" என்று மட்டும் கேட்டேன். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. முதல் நாள் இரவு கண் மூடாத அசதியில் தலை சாய்ந்துவிட்டது போல. விழித்தபோது வாங்குகளில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

வெளியே வந்து சுவரடிக்குப் போனேன். சப்பாத்தும் இல்லை, பையும் இல்லை.

சுவர் மாறிவிட்டதோ என்று மற்றப் பக்கம் போய்ப் பார்த்தேன். கல் குளிர்ந்து பாதத்தைக் கடித்தது. போகிற ஆட்கள் என் காலைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், விலகினார்கள். போன் இல்லை. மகளின் நம்பர்கூட எனக்குப் பாடமில்லை. அட்டை மட்டும் கோட்டுக்குள் இருந்தது, அதை உள்ளங்கை நோகும்வரை பிடித்துக்கொண்டேன். யாரிடமாவது கேட்க வேண்டும். யாரிடம், என்ன பாசையில்? அழுகை வந்தது, அதையும் சத்தமில்லாமல்தான் அழுதேன்.

தண்ணீர்க் கரைப் பக்கம் மஞ்சள் சட்டைக் காவலாளி ஒருவன் நின்றான். பெரிய ஆள். ஒரு கையில் என் சப்பாத்து, தோளில் என் பை. மற்றக் கையில் என் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குள் எட்டி எட்டிப் பார்த்தபடி பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தான். கிட்டப் போகப் போக அந்தப் போனுக்குள் ஒரு பெண் கத்துவது கேட்டது. பிரெஞ்சில் கத்தினாலும் என் பிள்ளையின் குரல் எனக்குத் தெரியாதா?

ஓடிப்போய் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். முன்பின் தெரியாத ஆணை நான் தொட்டது அன்றுதான். அவன் திரும்பி என்னைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான், கையிலிருந்த சப்பாத்தைப் பார்த்தான். "ஓ" என்று பெரிதாக மூச்சு விட்டுப் போனை என் காதில் வைத்தான்.

"பிள்ளை, நான்தான்."

மறுபக்கத்தில் அவள் விம்முவது கேட்டது.

"அம்மா, எங்கை நிக்கிறியள்? தண்ணிக்கரைப் பக்கம் சப்பாத்தும் பையும் கிடக்குதாம், ஆளைக் காணேல்லையாம் எண்டு அவன் சொல்லுறான். நான் என்னெண்டு நினைக்கிறது?"

அவள் என்ன நினைத்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்பிடி ஒண்டுமில்லை பிள்ளை. கோயிலுக்குள்ளை போனனான்."

"கோயிலோ?"

"மாதா கோயில். சப்பாத்தோடை போறதே?"

"ஐயோ அம்மா, இங்கை ஒருத்தரும் கழட்டிறேல்லை! பையை ஏன் விட்டிட்டுப் போனனீங்கள்?"

"அதுக்குள்ளை மீன் ரோல்ஸெல்லே."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை. "நீங்கள் அதிலையே நில்லுங்கோ. ஒரு இடமும் அசையக்கூடாது. வேலையிலை சொல்லிப்போட்டு நான் இப்ப வாறன்."

"வராதை" என்றேன்.

"என்ன?"

"வராதை. வந்தியெண்டா அறை இல்லை. நான் உன்னைக் கூப்பிடேல்லை, நீதான் எடுத்தனீ. நானே வாறன்."

அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். போனை நிறுத்தும் இடத்தை அழுத்திவிட்டேன். அவளோடு அப்படி நான் ஒருநாளும் கதைத்ததில்லை.

காவலாளி நான் சப்பாத்துப் போடும்வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மெற்றோ" என்றேன். கையால் காட்டினான். "மெர்சி" என்று இந்தத் தடவை அவனுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

ரயிலில் ஏறி இருந்தேன். பாதி வழியில், சுரங்கத்துக்குள், அது நின்றுவிட்டது. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. பிரெஞ்சில் ஏதோ சொன்னார்கள். நெருப்பா, ஆள் விழுந்துவிட்டதா, எல்லோரும் இறங்க வேண்டுமா? மற்றவர்களின் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே இருந்த கிழவர் மட்டும் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். ரயில் திரும்பவும் அசைந்தபோது என் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

எங்கள் இடத்தில் இறங்கி, ஓடும் படியில் மேலே வந்தேன். படி முடிகிற இடத்தில் மகள் நின்றாள். குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்யும்போது போடுகிற மேற்சட்டை, அதில் பெயின்ற் கறை, கோட் இல்லை. தேவாலயத்துக்கு வரவில்லை, இங்கே வந்து நின்றிருக்கிறாள். என்னைக் கண்டதும் கிட்ட வரவில்லை. பக்கத்து வாங்கில் இருந்துவிட்டாள். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவளுடைய கை பனிக்கட்டி போலக் கிடந்தது.

"உங்களுக்கு ஏலாதெண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றாள். "உங்களை விட்டிட்டுப் போக எனக்குத்தானம்மா ஏலாமல் கிடக்கு."

நான் அவளுடைய தலையைத் தடவிவிட்டேன். ஆட்கள் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "விடியவும் பின்னேரமும் போன் எடுப்பன். எடுக்கேல்லையெண்டா பொலிசைத்தான் அனுப்புவன், சொல்லிப்போட்டன்."

"அப்ப அறை?"

"நாளைக்குப் போய்க் கதைக்கிறன்."

அவள் ஓம் என்றுவிட்டாள். காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் அவள் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு நடக்கும்போது இது வேறு பயமாக வந்தது. இரவில் யாராவது கதவைத் தட்டினால் நான்தான் எழும்ப வேண்டும். காய்ச்சல் வந்தால் நான்தான் கஞ்சி வைக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. மகள் பக்கத்தில்தான் நடந்தாள், மெல்லச் சொன்னாலும் கேட்டிருக்கும்.

நான் சொல்லவில்லை.