கூறைச்சேலையில் ஒரு கோட்

எப்படித் தையல் பழகினாய் என்று யாராவது கேட்டால், புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய பழைய கவுனிலிருந்து தொடங்குவேன். அது பாதிக் கதைதான். மற்றப் பாதியை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

எனக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் அப்பா, அம்மா, நான். நாற்பத்திரண்டு வயதில் வீட்டில் சும்மா குந்தியிருப்பவளுக்கு யூடியூப்தான் துணை. பழைய உடுப்புகளைத் தேடி வாங்கி, பிரித்து, தன் அளவுக்குத் தைத்து உடுத்துகிற பெண்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பைத்தியம் பிடித்தது. வெளிநாட்டுப் பொதிகளில் வந்து நடைபாதையில் குவிந்து கிடந்த உடுப்புகளுக்குள் கையை விட்டு, பூப்போட்ட கவுன் ஒன்றை எடுத்து வந்தேன்.

அம்மா மூக்கைப் பொத்தினா. "சீ! ஆர் உடுத்ததோ, செத்ததுகளின்ர உடுப்போ ஆருக்குத் தெரியும்? உள்ளுக்குக் கொண்டராதை!"

சொல்லிவிட்டு அவவே தண்ணீர் கொதிக்க வைத்து, உப்பும் வேப்பிலையும் போட்டு, அந்தக் கவுனை அவித்தா. சாயம் பாதி போய்விட்டது. இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

பழைய தையல் மெஷின் ஒன்றையும் வாங்கினேன். உப்புக் காற்றில் ஊசிகள் துருப்பிடித்தன. பழைய துணியை வெட்டுமுன் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும், எங்கே நூல் இற்றிருக்கிறது என்று தெரியும். தையலைப் பிரிக்கும்போது அவசரப்படக் கூடாது. இவ்வளவும் கற்றுக்கொண்டேன். யோசிக்க மட்டும் கற்கவில்லை.

பிறகு அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. "வெளியிலை இருக்கிற பிள்ளையளைக் கூப்பிடுங்கோ" என்றார் டொக்டர். கனடாவிலிருந்து தம்பி டிக்கெட் போட்டான். அம்மா ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தா. ஒரு மத்தியானம் அப்பாவுக்கு மாற்றி உடுக்கச் சாரம் எடுக்க அலுமாரியைத் திறந்தேன். அடித்தட்டில், தலையணை உறை ஒன்றுக்குள், அம்மாவின் கலியாணக் கூறைச்சேலை.

ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது அம்மா தூக்கி வந்த நாலு சாமான்களில் அது ஒன்று. குங்குமச் சிவப்பு, அகலச் சரிகைக் கரை. விரித்தேன். மடித்த கோடுகளிலெல்லாம் பட்டு இற்றுப் பிளந்திருந்தது. இனி இதை உடுக்க ஏலாது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நினைத்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது.

எங்கள் பக்கத்தில், கணவனுக்கு முன்னம் கண்மூடுகிற பெண்ணைக் கூறையுடுத்தித்தான் வழியனுப்புவார்கள். அம்மாவும் வாய்க்கு வாய் சொல்லுவா: "நான் இவருக்கு முன்னம் கூறையோட போயிடோணும்." அப்பாதான் இப்போது போகப் போகிறாரே, இனி இந்தச் சேலைக்கு என்ன வேலை? ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த மனிசனை நான் மனதுக்குள் எரித்துவிட்டேன். பெற்ற தகப்பனை!

பட்டுக்கு ஏற்ற ஊசி வாங்க, சேலையையும் எடுத்துக்கொண்டு காலி வீதிக் கடைக்குப் போனேன். அங்கே தையல் சாமான் விற்கிற முஸ்லிம் நானா சேலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"கலியாணச் சாரியா தங்கச்சி? உம்மாட்ட கேட்டீங்களா?"

"ஓம் நானா, கேட்டனான்" என்றேன். கொஞ்சமும் கூசாமல் சொன்ன பொய்.

இற்ற இடங்களைத் தவிர்த்து, நல்ல இடங்களாகத் தேடித் தேடி வெட்டினேன். முழுச் சேலையும் துண்டு துண்டாகிவிட்டது. சரிகைக் கரை முன்பக்கம் இரண்டிலும் இறங்கிவர, இடுப்புவரை ஒரு கோட். உண்மையைச் சொன்னால் நான் தைத்தவற்றில் அதுதான் அழகு. கண்ணாடி முன் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கிழிந்த மிச்சங்களைக் கூட்டிக் குப்பைப் பைக்குள் போட்டேன்.

அப்பா பிழைத்துவிட்டார். இடது கை மட்டும் தொங்கிப்போனது. வீட்டுக்கு வந்த அன்றே அம்மா என் அறைக் கதவில் தொங்கிய கோட்டைப் பார்த்தா. கண்ணில் புரை விழுந்திருந்ததால் கிட்டப் போய், கரையை விரலால் தடவினா.

"நல்லாத் தைச்சிருக்கிறாய். கைப்பக்கம் கொஞ்சம் இறுக்கம்."

அம்மா கரையிலிருந்து விரலை எடுத்தா.

"மிச்சத் துண்டுகள் எங்கை?"

"குப்பைப் பையிலை. இன்னும் கொண்டுபோய்ப் போடேல்லை."

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. அப்பாடா, தப்பினேன் என்று அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். என்ன பிறவி நான்!

அதன் பிறகு சில நாட்களுக்கு ஒருமுறை அம்மா என்னிடம் ஊசியோடு வருவா. "பிள்ளை, சிவப்பு நூல் ஒண்டு கோத்துத் தா. எனக்குத் துவாரம் தெரியேல்லை."

"என்னத்துக்கம்மா? தாங்கோ, நான் தைச்சுத் தாறன்."

"ஒரு பொத்தான்தான். நீ உன்ர வேலையைப் பார்."

கோத்துக் கொடுத்தேன். எத்தனை தடவை என்று நினைவில்லை. இவ்வளவு பொத்தான் யாருடைய உடுப்பில் என்று ஒருநாளாவது கேட்டேனா?

எட்டு மாதம் கழித்து, ஒரு காலையில், தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தபடியே அம்மா விழுந்தா. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் போய்விட்டா. ஆசைப்பட்டதுபோல் அப்பாவுக்கு முன்னம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து சின்னம்மா உடுத்திவிட வந்தா. அப்பா கதிரையில் இருந்தபடி சொன்ன முதல் வார்த்தை, "கூறையை எடுங்கோ."

நான் அலுமாரிக்கு முன்னால் போய் நின்றேன். அப்பாவின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தலையணை உறை வெறுமையாக இல்லை.

உள்ளே ஒரு துணி இருந்தது. நான் குப்பைக்குப் போட்ட துண்டுகள். கழுத்துக்கு வெட்டிய பிறைத் துண்டு, கைக்குழியின் வளைவு, இற்றுப்போன நீளங்கள், எல்லாவற்றையும் பொறுக்கி, ஒன்றோடொன்று சேர்த்துக் கையால் தைத்திருந்தா. ஆயுளில் பொத்தானைத் தவிர வேறெதுவும் தைத்தறியாத மனிசி. தையல் கோணல் கோணலாக ஓடியிருந்தது. மூலையில் ஊசி குத்தியிருந்தது. அதில் ஒரு சாண் சிவப்பு நூல், நான் கோத்துக் கொடுத்தது.

வேறொரு பட்டு உடுத்தி, அதன் மேல் இதைப் போர்த்தினோம். நெஞ்சிலிருந்து முழங்கால் வரைதான் எட்டியது. நடுவில் ஒரு துண்டு உட்புறம் வெளியே தெரிய இருந்தது. நான் அதைப் பிரித்துத் திருப்பித் தைக்கப் போனேன்.

"விடு பிள்ளை, நேரம் போகுது" என்றா சின்னம்மா. ஏன் இப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பா நல்ல கையால் துணியைத் தடவிப் பார்த்தார். "கூறைதானே?"

"ஓம் அப்பா."

அந்தக் கோட்டையும் அம்மாவோடு வைத்து அனுப்பியிருக்கலாம். வீடு நிறையச் சனம். எல்லோருக்கும் முன்னால் அதை எப்படித் தூக்கி வருவது என்று வெட்கப்பட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு என் மானம்தான் பெரிதாக இருந்தது.

அப்பா இப்போதும் சில வேளை கேட்பார், அம்மா கூறையோடுதானே போனவ என்று. ஓம் என்பேன். கோட்டை அந்தத் தலையணை உறைக்குள்தான் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒருமுறை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கைப்பக்கம் இறுக்கம்தான்.