வெர்னா சோசா வேகாஸ் போன கதை

ஓவாஹு தீவின் கனேயோஹே ஊர்ப் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்த வெர்னா சோசாவுக்கு லாஸ் வேகாஸ் நகரம் அத்துப்படி. எந்தச் சூதாட்டக் கூடத்தில் சிகரெட் புகை குறைவு, மாட்டுவால் சூப் எங்கே எத்தனை மணிக்குக் கிடைக்கும், எந்த ஆட்டக் காட்சிக்கு முன்வரிசையில் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும், எல்லாம் கேட்ட மாத்திரத்தில் சொல்லுவாள். ஒரே ஒரு சங்கதிதான் இடித்தது. அந்த ஊரில் அவள் கால் வைத்ததே இல்லை.

ஓவாஹு தீவில் வேகாஸ் போகாத குடும்பம் அபூர்வம். சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு, வருஷம் தவறாமல் பாலைவனத்துக்குப் போய்ப் பணத்தைத் தொலைத்துவிட்டு வராவிட்டால் அங்கே பலருக்குத் தூக்கம் வராது. வெர்னாவின் கூட்டாளிகளும் அப்படித்தான். சமையலறைப் பெண்கள், அவர்களுடைய புருஷன்மார்கள், எண்பதைத் தாண்டியும் யார் கையையும் பிடிக்காமல் நடக்கிற ஹௌனானி ஆன்ட்டி என்று ஒரு பட்டாளமே கிளம்பும். விமான டிக்கெட், ஓட்டல் அறை, யாரோடு யார் தங்குவது, குறட்டை விடுகிறவரை எங்கே தள்ளி வைப்பது, எல்லா ஏற்பாடும் வெர்னாதான். வழியனுப்ப விமான நிலையம் வரை வருவாள். பொரித்த இறைச்சித் துண்டு வைத்துக் கட்டிய சோற்றுப் பொட்டலங்களை ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பாள். பிறகு காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

காரணம் பழையது. கல்யாணம் ஆகாத வயதில், சித்தி மகள் கல்யாணத்துக்காகக் பக்கத்திலிருக்கும் காவாய் தீவுக்கு ஒரு குட்டி விமானத்தில் போனாள். மடியில் கல்யாணக் கேக். நடு வழியில் விமானம் காற்றில் விழுந்து எழுந்ததில் கேக் பறந்து, முன் இருக்கைக்காரன் தலையில் இறங்கியது. அவன் பிடரியிலிருந்த கிரீமை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்பி, கேக்கு நல்லாத்தான் இருக்கு, யார் செஞ்சது என்று கேட்டான். அவன்தான் கிளிஃபர்ட். மறு வருஷமே அவள் புருஷனானான். ஆனால் காவாயிலிருந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு திரும்பிய அந்தப் பயணத்துக்குப் பிறகு வெர்னா விமானம் ஏறவில்லை.

கூட்டம் வழக்கமாகத் தங்கும் வேகாஸ் ஓட்டலில் அறைப் பதிவு மேசையில் இருந்தவள் யோலாண்டா. இரண்டு பெண்களும் பல வருஷமாகப் போனில் பழகினார்கள். அறைக் கணக்கில் தொடங்குகிற பேச்சு யோலாண்டாவின் மகன் விவாகரத்து, வெர்னாவின் முழங்கால் அறுவை, பீன்ஸை எத்தனை நேரம் ஊற வைப்பது என்று எங்கெங்கோ போகும். கூட்டம் வந்து இறங்கும்போதெல்லாம் யோலாண்டா, வெர்னா எங்கே என்று கேட்பாள். கிளிஃபர்ட் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், சூப்புக்கு வரிசையில் நிற்கிறாள் என்று சொல்லிவிடுவான்.

ஒரு கோடையில், அந்த வருஷத்துப் பயணத்துக்கு அறை கேட்டு வெர்னா போன் செய்தாள். யோலாண்டாவின் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

"நவம்பரோட நான் வேலைய விடுறேன் வெர்னா. இத்தன வருஷம் பேசிட்டோம். நாளைக்கு ரோட்டுல எதிர்ல வந்தாகூட உன்னை எனக்கு அடையாளம் தெரியாது. இந்தத் தடவையாவது அந்த சூப்ப விட்டுட்டு வந்து மூஞ்சியக் காட்டு."

வெர்னா சொன்னாள்: "நான் அங்க வந்ததே இல்ல யோலாண்டா. எனக்கு ப்ளேன்னா பயம்."

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது. யோலாண்டா மூச்சு வாங்கும் வரை சிரித்தாள்.

"அடிப்பாவி, அப்ப உன் வீட்டுக்காரன் என்கிட்ட வருஷா வருஷம் விட்டதெல்லாம் புளுகா? சரி, விடு. உன் பேருல ஒரு ரூம் போட்டு வைக்கிறேன். வந்தா வா. வராட்டி அழிச்சிடலாம், ஒண்ணும் குடி முழுகாது."

வற்புறுத்தியிருந்தால் வெர்னா மறுத்திருப்பாள். வற்புறுத்தாததுதான் அவளை வாட்டியது. பாத்திரம் கழுவும்போதும், தோட்டத்தில் பூப் பறிக்கும்போதும் அந்த அறை அவளுக்காகக் காத்திருப்பது போலவே இருந்தது. கிளிஃபர்ட் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவன், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

பயணத்துக்கு முன்னால் வெர்னா வீட்டுக் கார் கொட்டகையில் கூட்டம் கூடுவது வழக்கம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வருவார்கள். அன்று வெர்னா எழுந்து நின்று யார் யாருக்கு எந்த அறை என்று படித்தாள். நடுவில், தலையை நிமிர்த்தாமல், "கிளிஃபர்ட், வெர்னா" என்று வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குத் தாவினாள்.

மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஹௌனானி ஆன்ட்டி கையை உயர்த்தினாள்.

"இப்ப என்ன பேரு சொன்ன?"

"ஏன் ஆன்ட்டி, காது கேக்கலையா?"

"நல்லாக் கேட்டுச்சு. இன்னொரு வாட்டி கேக்கலாம்னு ஆசை, அவ்வளவுதான்."

விமானத்தில் ஒரு பக்கம் கிளிஃபர்ட், மறு பக்கம் ஹௌனானி ஆன்ட்டி. கடலுக்கு மேலே விமானம் குலுங்க ஆரம்பித்ததும் வெர்னா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கிளிஃபர்ட் ஆறுதலாக ஏதோ சொன்னான், காதில் ஏறவில்லை. ஹௌனானி ஆன்ட்டி ஆறுதல் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் எனக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டாள். வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மழை வந்தால் என்ன செய்வது என்று ஆன்ட்டி கேட்டாள். அந்த ஊரில் மழை வராது என்று வெர்னா சிடுசிடுத்தாள். மத்தியானம், சாயங்காலம், மறுநாள் என்று கிழவி விடாமல் கேட்க, மூன்றாம் நாள் ஏற்பாட்டைச் சொல்லி முடிப்பதற்குள் குலுக்கல் நின்றிருந்தது.

ஓட்டலில் நுழைந்ததும் வெர்னா முன்னால் நடந்தாள். மின்தூக்கிக்கு எதிரே வலது பக்கம் திரும்பினால் சாப்பாட்டுக் கடை என்று சொல்லித் திரும்பினாள். எதிரே சுவர். பின்னால் வந்தவர்கள் சத்தம் காட்டாமல் இடது பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நான் வருஷா வருஷம் வலதுன்னுதானே சொல்லி அனுப்பினேன்?" என்றாள் வெர்னா.

"ஆமா," என்றான் கிளிஃபர்ட். "நீ பாவம், அவ்வளவு அக்கறையா சொல்ற. நாங்க இடது பக்கமாத் திரும்பிக்கிட்டோம்."

போனில் கேட்ட கனத்த குரலை வைத்து வெர்னா ஓர் ஆஜானுபாகுவான பெண்மணியைக் கற்பனை செய்து வைத்திருந்தாள். மேசைக்குப் பின்னாலிருந்து வந்தவளோ அவள் தோள் உயரம்கூட இல்லை. வெர்னா ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்த பூமாலையைக் கழுத்தில் போட்டதும் யோலாண்டா அதை இரண்டு கையாலும் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வெகு நேரம் விடவில்லை. வரிசையில் நின்றவர்களும் அவசரப்படுத்தவில்லை.

சூதாட்டம் வெர்னாவுக்கு ஒட்டவில்லை. ஹௌனானி ஆன்ட்டிக்குப் பக்கத்து எந்திரத்தில் கொஞ்ச நேரம் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, இதுக்கா இப்படி அடிச்சுக்கிட்டு ஓடி வர்றீங்க என்று கேட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் யோலாண்டா அவளைத் தன் காரில் ஊருக்கு வெளியே அழைத்துப் போனாள். விளக்குகளும் கட்டடங்களும் முடிந்து சிவந்த பாறைகள் வந்தன. அதற்கப்பால் வெறும் நிலம், கண்ணுக்கு எட்டிய மட்டும் நிலம். காரை விட்டு இறங்கிய வெர்னா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அவளுடைய தீவில் எல்லோரும் மலைப் பக்கம், கடல் பக்கம் என்றே வழி சொல்லுவார்கள்.

"கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"எந்தப் பக்கமும் இல்ல," என்றாள் யோலாண்டா.

வெர்னா இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். தனக்குப் பயம் என்று நினைத்தாள், ஆனால் பயம் இல்லை. உலகம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. எல்லோரும் எந்திரத்தையும் சூப்பையும் பற்றித்தான் சொல்லியிருந்தார்கள். இருவரும் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து யோலாண்டா கட்டிக்கொண்டு வந்த பச்சை மிளகாய் ரொட்டிச் சுருளைச் சாப்பிட்டார்கள். வறட்டுக் காற்றில் வெர்னாவின் உதடு வெடித்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

வேலையை விட்ட பிறகு, போன வசந்தத்தில் யோலாண்டா ஓவாஹுவுக்கு வந்தாள். நீச்சல் தெரியாது என்று கரையிலேயே நின்றாள். வெர்னா அவளை வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் கணுக்கால் அளவில் இருந்த இடத்தில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, ஒன்றில் தான் உட்கார்ந்துகொண்டாள்.