ரஷ்யன் ரேட், ஜப்பான் ரேட்

எண்பத்திரண்டு வாக்கில் நெய்வேலியில் ஒரு கல்யாணத்தின் தராதரம் தெரிய, போட்டோ ராஜாங்கத்தின் கழுத்தைப் பார்த்தால் போதும். ஜெனிட் என்ற ரஷ்யக் கேமரா தொங்கினால் சுரங்கத்துக் கான்ட்ராக்ட் ஆள் வீட்டு விசேஷம். ஜப்பான் கேமரா தொங்கினால் பெர்மனென்ட் வேலைக்காரர் வீடு. ஜெனிட், ஊருக்குத் திரும்பிய ரஷ்ய இன்ஜினியர் ஒருவர் சல்லிசாக விற்றுவிட்டுப் போனது; அதில் எடுக்க இருநூற்றைம்பது ரூபாய். மற்றது பர்மா பஜாரில் ஐயாயிரம் கொடுத்து வாங்கியது, அதற்கு ஐந்நூறு. இரண்டு ரேட்டையும் ஸ்டுடியோ வாசலில் போர்டாகவே எழுதி மாட்டியிருந்தான். கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்து ஸ்டுடியோ வைத்தவன் ராஜாங்கம். அவன் வீட்டு அடுப்பு எரிந்ததே ஜப்பான் ரேட்டில்தான்.

ஆனால் மனுஷனுக்குப் பெருமை அடங்கவில்லை. ரேட் பேச வருகிறவர்கள் கையிலெல்லாம் அந்த ஜப்பான் கேமராவைக் கொடுத்து, "கண்ண வச்சிப் பாருங்க, வெளிச்சத்த உள்ளயே அளந்து காட்டும்" என்பான். அவர்களும் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள். அந்தக் கேமராவுக்கு பேட்டரிதான் உயிர் என்பதை மறந்தே போனான்.

மைன்ஸ் ஃபோர்மேன் வேலுமணி மகள் கல்யாணத்தில் அந்த உயிர் போயிற்று. வடலூர் மண்டபம். தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கேமராவிடமிருந்து சத்தமே இல்லை. அந்த பேட்டரி மெட்ராஸில்தான் கிடைக்கும். இன்னொரு தரம் தாலி கட்டச் சொல்ல முடியுமா?

"ஏனுங்க, ஜப்பான் கேமராதானுங்களே?" என்று ஈரோட்டுக்காரரான வேலுமணி காலையிலேயே இரண்டு தடவை கேட்டிருந்தார்.

அவசரத்துக்கென்று ஃபிலிம் போட்ட ஜெனிட் பையில் இருந்தது. அதற்கு பேட்டரியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். மேடைக்குப் பின்னால் ஓடி, ஜப்பான் பெயர் பொறித்த கழுத்துப்பட்டையைக் கழற்றி ஜெனிட்டில் மாட்டினான். அவசரத்தில் கொக்கி நழுவியது. கெட்டிமேளம் கொட்டத் தொடங்கிவிட்டது. பிளாஷ் வயரைச் செருகி, முன்பக்கத்து ரஷ்ய எழுத்தை விரலால் மறைத்தபடி பாய்ந்தவன், மாப்பிள்ளை முடிச்சுப் போடும்போதே எடுத்துவிட்டான்.

படம் அருமையாக வந்திருந்தது. "ஜப்பான் ஜப்பான்தானுங்க" என்று வேலுமணி டவுன்ஷிப்பில் தன் பிளாக் முழுக்க ஆல்பத்தைக் காட்டினார். ராஜாங்கமும் தலையாட்டி வைத்தான். உண்மை வெளியே தெரிந்தால் அப்புறம் எவன் ஐந்நூறு கொடுப்பான்?

அந்த ஆல்பத்தை அவனுடைய தாய்மாமன் வைத்திலிங்கமும் பார்த்தார். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை அவருக்கு. நேராக ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"ஃபோர்மேன் பொண்ணு தாலி கட்டிகினு இருக்குமே, அந்தப் படம் மாதிரி நம்ம பாப்பா கல்யாணத்துக்கும் வேணும் மாப்ள. ஜப்பான் ரேட்டுக்காவ பசுவ வெல பேசிட்டு வந்துட்டேன். நாளைக்கி ஓட்டிகினு போறாங்க."

அவர் வீட்டில் கறவை என்றிருந்தது அது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் ராஜாங்கத்தின் பிழைப்பு போகும். ஆனாலும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு ஜெனிட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"மாமா, வெளிய சொல்லிடாத. அந்தப் படம் இதுல எடுத்ததுதான். மாட்ட விக்காத. பாப்பாவுக்கு இதுலயே எடுத்துத் தரேன், காசு வேணாம்."

வைத்திலிங்கம் ஜெனிட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஃபோர்மேன் பொண்ணுக்கு ஜப்பான், எம்பொண்ணுக்கு ரஷ்யனா? அத நேரா சொல்லேன். எதுக்குப் பொய்யி?"

"சத்தியமா மாமா..."

"எது ஒசத்தி, எது மட்டம்னு நீயேதான வாசல்ல எழுதி மாட்டிகினு இருக்க? அத நம்பறதா, இப்ப நீ சொல்றத நம்பறதா?"

அந்த போர்டை எழுதியது அவன் கைதான்.

மறுநாள் மாடு போயிற்று. வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஐந்நூறையும் அவன் சட்டைப்பையில் திணித்தார் வைத்திலிங்கம். கல்யாணத்தன்று, புது பேட்டரி போட்ட ஜப்பான் கேமராவோடு ராஜாங்கம் மேடையேறினான். மேளம் கொட்டியது. மகள் கழுத்தில் தாலி ஏறுவதை வைத்திலிங்கம் பார்க்கவில்லை. ராஜாங்கத்தின் கழுத்தில் என்ன தொங்குகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.