அப்பாவின் கையேடும் தொண்ணூற்று மூன்று ஆக்டேனும்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்தபோது அதை ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் யாரும் இல்லை. அதன் கையேட்டைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். அச்சில் வந்த எதையும் மூன்று முறை படிப்பார். அச்சில் வராத எதையும் நம்பமாட்டார். நானும் இன்னொரு அமைச்சகத்தில் இருபத்தைந்து வருடம் விதிகளைக் காவல் காத்து விருப்ப ஓய்வு பெற்றவன் என்பதால், இதைக் கிண்டலாகச் சொல்வதற்கு எனக்குத் தகுதி இல்லை.

எண்பதுகளின் நடுவில் தலைநகரின் மயூர் விஹார் ஃபிளாட்டுக்குக் குடிவந்திருந்தோம். அம்மாவுக்கு வேலை மோதி பாக்கில், தமிழ்ப் பள்ளியில். யமுனையைத் தாண்டி இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஒருநாள் இறங்குகிற அவசரத்தில் யாரோ தள்ளிவிட, முழங்கை வீங்கி வீடு திரும்பினாள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி மறுபடி திறப்பதற்குள் வேறு வழி பிறக்காவிட்டால் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லவில்லை, அரிசி களைந்துகொண்டே சொன்னாள். அதனால்தான் அப்பா பயந்திருக்க வேண்டும். அடுத்த வாரமே ஓய்வுபெற்ற மேஜர் ஒருவரிடமிருந்து நான்கு வருடம் ஓடிய காரை வாங்கி வந்தார். தானே ஓட்டிக்கொண்டுபோய் விடுவதாகத் திட்டம். மூன்றாம் நாள் சொசைட்டி கேட்டின் தூணில் முட்டியதும், பதவி விலகுகிறவரைப் போலச் சாவியை அம்மாவிடம் ஒப்படைத்தார். கையேட்டை ஒப்படைக்கவில்லை.

அம்மா ஒரு டிரைவிங் மாஸ்டரிடம் ஒன்றரை மாதம் பழகினாள். சமதரையில் வண்டி அவள் சொன்னபடி கேட்டது. மேடு வந்தால் மட்டும் எஞ்சினுக்குள், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். லைசென்ஸ் தேர்வில், மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். அம்மா கிளப்பினாள். கூழாங்கல் குலுங்கியது. பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டாள். வண்டி அணைந்து பின்னால் உருண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டாராம். ஒரு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்.

"கிளட்ச்தான் டீச்சரம்மா, கிளட்ச்! பதினாலாம் பக்கத்துல படம் போட்டே காட்டியிருக்கான்" என்றார் அப்பா.

அம்மா படத்தைப் பார்க்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனாள். கிழவர் ஒருமுறை மேட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பெஹன்ஜி, ஹெட் கிஸா ஹுவா ஹை. தெரானவே டாலோ" என்றார். வண்டி வேகமாக ஓடவேண்டும் என்பதற்காக மேஜர் எஞ்சினின் மேல்பகுதியைத் தேய்த்துக் குறைத்திருக்கிறார். அதனால் உள்ளே அழுத்தம் அதிகம். சாதா பெட்ரோல் அந்த அழுத்தத்தைத் தாங்காமல், உரிய நேரத்துக்கு முன்னாலேயே வெடிக்கிறது; அதுதான் சத்தம். தெரானவே, அதாவது தொண்ணூற்று மூன்று ஆக்டேன் பெட்ரோல் போட்டால் அடங்கிவிடும், போடாவிட்டால் ஒருநாள் பிஸ்டன் உடையும் என்று கையால் உடைத்தே காட்டினார்.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா இதைச் சொன்னாள். அப்பா கையேட்டைப் புரட்டினார்.

"சாதாரணப் பெட்ரோலே போதும்னு கம்பெனிக்காரன் எழுதியிருக்கான்."

"ஏங்க, அது அவன் வித்த வண்டிக்கு எழுதினது. இது மேஜர் தேய்ச்ச வண்டி."

"தேய்ச்சதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"

"சத்தம் இருக்கே, அது போதாதா?"

"சத்தத்தை எந்த ஃபைல்ல வைக்கறது?" என்று கேட்டுவிட்டு அப்பா ரசம் ஊற்றிக்கொண்டார். விவாதம் முடிந்தது என்று நான் நம்பினேன்.

இரண்டாவது தேர்வுக்கு முந்தைய சாயங்காலம், டாங்க் கிட்டத்தட்ட காலியாக இருந்தபோது, அம்மா மாஸ்டரோடு பம்புக்குப் போனாள். நான் பின்சீட்டில் இருந்தேன். வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி, 93 என்று எழுதிய எந்திரத்தின் முன் வண்டியை நிறுத்தினாள். "பையா, தெரானவே. ஃபுல்." அவள் குரல் வகுப்பில் பேசும் குரலாக இருந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் மேட்டில் வண்டி சத்தமே போடவில்லை. அம்மா லைசென்ஸோடு வந்தாள். அப்பா கடைக்குப் போய் ஜாங்கிரி வாங்கிவந்தார்.

"பாத்தியா, சாதாவுலயே ஏறிடுச்சு. கிளட்ச்னு நான் அப்பவே சொன்னேன்."

"ஆமாங்க, நீங்க சொன்னதுதான்" என்று அம்மா ஒரு ஜாங்கிரியை எடுத்துக்கொண்டாள்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. உண்மை ஒன்று முறைப்படி பதிவாகாமல் வீட்டில் உலாவுவதை என்னால் தாங்க முடியவில்லை. பள்ளி திறந்து, அம்மா தினமும் காரில் போய்வரத் தொடங்கியும் மனம் ஆறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணி உலர்த்தப் போயிருந்த நேரம், அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: எந்தப் பம்பு, எந்த எந்திரம், அம்மா சொன்ன வார்த்தை.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "எவ்வளவு தூரத்துலேர்ந்து பாத்தே?"

"பக்கத்துலதான்."

"பக்கத்துல இருக்கற நம்பரே தப்பாத் தெரியுதா? கண்ணைக் காட்டணும்டா."

உண்மையாகவே காட்டினார். மறுநாள் அரை நாள் லீவு போட்டு, என்னை அரசு டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் பலகையின் கடைசி வரி வரைக்கும் என்னைப் படிக்கவைத்து, இவ்வளவு நல்ல பார்வையை இந்த மாதம் பார்க்கவில்லை என்று சொல்லி, பார்வையில் குறையில்லை என்று சீட்டில் எழுதிக்கொடுத்தார். என் சாட்சிக்கு அரசாங்க முத்திரையே கிடைத்துவிட்டது. வெற்றியோடு அப்பாவைப் பார்த்தேன். அவர் சீட்டை மூன்று முறை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா பள்ளியிலிருந்து வந்து இறங்கியதும், "மேட்டுல சத்தம் வருதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"அச்சா" என்று சொல்லிவிட்டு, அவளுடைய கனமான பையை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

அதன்பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்பாவுக்கு விதிகளில் அக்கறை போய்விட்டது என்று நான் பல நாள் கவலைப்பட்டேன்.