யார் மாலை போடுவது

எங்கள் கட்சி அப்போது கும்மிடிப்பூண்டி வட்டாரம் முழுவதும் சேர்த்தாலும் நாலு சைக்கிளில் அடங்கிவிடும். சோஷலிசம் பேச ஆள் இல்லாததால் நானே வட்டாரச் செயலாளர், நானே பேச்சாளர், மைக் மக்கர் பண்ணினால் மைக்கும் நானே. அந்த வருடத் தேர்தலில் ஒரு பெரிய கட்சி எங்களுக்கு எங்கோ தூரத்தில் ஒரே ஒரு தொகுதியைக் கொடுத்தது. பதிலுக்கு, எங்கள் ஊர்ப் பக்கம் அவர்கள் நிறுத்தும் வேட்பாளருக்கு நாங்கள் வேலை செய்யவேண்டும்.

வேட்பாளர் பெரிய நிலக்காரர். இரண்டு வருடத்துக்கு முன்னால், அறுப்புக்கூலி கூட்டிக் கேட்டதற்காக எங்கள் கிளைச் செயலாளரான தோழர் ஒருவரைக் களத்தில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, தன் கையாலேயே அறைந்தவர். தோழரின் இடது காது அன்றோடு போயிற்று. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப்போனவன் நான்.

கவரைப்பேட்டையில் கூட்டணிக் கூட்டம். மேடையில் கட்சிக்கு ஒருவர் வேட்பாளருக்கு மாலை போடவேண்டும். எங்கள் கட்சிக்கு நான். அந்தக் கழுத்தில் மாலை போட எனக்குக் கூசியது. கூசியதே, அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் அந்தத் தோழரைக் கூப்பிட்டு மாலையை அவர் கையில் கொடுத்தேன்.

“இன்னா தோழரே, நானா? நீங்களே போட்டா ஆவாதா?”

“கிளைச் செயலாளர்தான் போடணும். கட்சிக் கட்டுப்பாடு” என்றேன்.

அப்படி ஒரு கட்டுப்பாடு எந்தக் கட்சியிலும் கிடையாது. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் மறுபேச்சுப் பேசமாட்டார். அப்படிப் பழக்கியவனும் நான்தான்.

ஏறினார், போட்டார். நிலக்காரர் சிரித்தபடி அவர் தோளைத் தட்டி, “எந்த ஊருப்பா நீ?” என்றார். கேட்டது இடது காதுப் பக்கம். தோழருக்கு விழவில்லை. நிலக்காரர் உரக்க இன்னொரு தரம் கேட்டார். தோழர் ஊர்ப் பேரைச் சொன்னார். கீழே ஒரே கைதட்டல். நானும் தட்டினேன்.

கூட்டம் முடிந்து ரயிலடிக்கு நடக்கும்போது, கூட்டணி தர்மம், பெரிய லட்சியம் என்று ஏதேதோ உளறிக்கொண்டே வந்தேன். தோழர் நின்றார்.

“அவுருக்கு என்னை அடையாளம் தெர்ல தோழரே. போவுது, எத்தினி பேர அடிச்சிருப்பாரோ. உங்களுக்குத் தெரியும் இல்ல, நான் யாருன்னு?”

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தெரிந்துதான் அவரை மேடைக்கு அனுப்பினேன். “ரயிலுக்கு நேரமாச்சு தோழரே” என்று முன்னால் நடந்தேன்.