யாரும் கீழே விழாத வண்டிகள்

முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு, இடது பக்கம் கோணிப்போன ஹேண்டில் பாரை நான் வலது பக்கம் திருகிக்கொண்டிருக்கும்போதே வண்டிக்காரர் பொய்யை ஆரம்பித்துவிட்டார். எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். ஹேண்டிலும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கும் கோணாமல் யாரும் என்னிடம் வருவதில்லை. வருகிற யாரும் கீழே விழுந்ததும் இல்லை.

ஸ்பேனர் பிடித்துக் கை காய்த்துப்போன கூட்டாளிகளே, உங்களுக்கும் இதே கதிதான் என்று தெரியும். நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். உட்கார்ந்தே இருக்க முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். கம்பத்தில் என் தாய்மாமன் நடத்துகிற ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் முன்பக்க வேலை முழுக்க என்னுடையது. காதில் விழுவதை நம்பக்கூடாது என்பதை இங்கேதான் படித்தேன்.

காற்று செய்த வேலை

அந்த வண்டிக்காரர் திராட்சை புரோக்கர் செல்வம். சும்மா நிறுத்தியிருந்த வண்டியை ஆடிக் காற்று தள்ளிவிட்டதாம். தள்ளும்தான், எங்கள் பக்கத்துக் காற்று அப்படி. ஆனால் நின்ற இடத்தில் சாய்ந்த வண்டிக்கு ஹேண்டில்தான் கோணும். ஃபோர்க் பைப் வளைய வேண்டுமென்றால் முன் சக்கரம் எதிலாவது போய் மோதியிருக்க வேண்டும். காற்று என்ன, கியர் போட்டு ஓட்டிக்கொண்டு போய் மோதுமா?

ஹேண்டிலை நேராக்கி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பைப் இரண்டையும் கழற்றிக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டினேன். ஒன்று ஒழுங்காக உருண்டது, இன்னொன்று நொண்டியது.

அதற்குள் செல்வமே வாயை விட்டிருந்தார். வண்டியை விற்கப் போகிறார். வாங்குகிறவர் ராயப்பன்பட்டி அருள். மலை மேல் ஏலக்காய்த் தோட்டத்தில் அவருக்கும் சம்சாரத்துக்கும் வேலை. இரண்டு பேரும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பை விட்டுவிட்டு இனி இந்த வண்டியில்தான் தினமும் கம்பம்மெட்டு மலை ஏறி இறங்கப் போகிறார்கள். ஏறுவது ஒன்றுமில்லை. இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டும், பக்கத்தில் பள்ளம். பைப்பை மாற்றாமல் இதை விற்காதீர்கள் என்று நேராகவே சொன்னேன். அவர் குனிந்து, நொண்டுகிற பைப்பை ஒரு முறை உருட்டிப் பார்த்தார்.

"பைப்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒங்க கண்ணாடிதான் கோணலா இருக்கு."

நகப் பாலிஷ்

செல்வத்தின் வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தேன். நாங்கள் அவர்களை நம்பாதது போல அவர்களும் எங்களை நம்புவதில்லை. நல்ல பைப்பைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிடுவோமாம். அந்த அடுத்த வண்டிக்காரர் ஸ்டீபன் வாத்தியாரும் கீழே விழவில்லை, 'லேசா உக்காந்துட்டேன்' என்றார். பேசிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து மகளின் நகப் பாலிஷை எடுத்து, பைப், போல்ட், நட்டு என்று ஒன்று விடாமல் ரோஸ் கலரில் அடையாளப் பொட்டு வைத்தார். எனக்கு எரிச்சல். வண்டி பொட்டு வைத்த கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு பொட்டாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. முகம் தெளியும் என்று பார்த்தேன். தெளியவில்லை. கடை அலமாரியை ஒரு நோட்டம் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதே கலர் பாலிஷு நீங்களும் வாங்கி வச்சிருக்கீகளா தம்பி?"

நாய்

என் வயதுப் பையன் ஒருவன். நாய் குறுக்கே வந்ததாம், நடு ரோட்டிலேயே பிரேக் அடித்து நின்றுவிட்டானாம், மற்றபடி ஒன்றுமே நடக்கவில்லையாம். மட்கார்டைக் கழற்றினேன். ஃபோர்க்குக்கும் மட்கார்டுக்கும் நடுவில் வாழைப்பட்டை, பச்சையாக, ஒரு முழம் இருக்கும். அதை உருவி அவன் முன்னால் போட்டேன். அவன் கொஞ்சம்கூட அசரவில்லை.

"நாயி தோப்புக்குள்ளதான் ஓடுச்சு ப்ரோ, அதான் நானும் பின்னாலயே போயிட்டேன்."

பின்பக்கம் பார்க்கிற வளைவு

செல்வம் மாமாவுக்குப் போன் போட்டுவிட்டார். சந்தைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரை எங்கள் கடைக்கு அனுப்புவது அவர்தான். மாமா என்னைக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். பைப்பை மாற்ற வேண்டாம். வளைவு பின்பக்கம் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்துப் போல்ட்டை இறுக்கு. முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு வண்டி ஈர்க்குச்சி மாதிரி நேராகத் தெரியும். தொழிலில் இருக்கிற உங்களுக்கு இந்த வித்தை தெரியும். தெரியாது என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

மலை இறங்கும்போது அருளின் சம்சாரம் பின்னால் உட்கார்ந்திருக்குமே என்று கேட்டேன். மாமா கெட்டவர் இல்லை. என் தோளில் கை வைத்துத்தான் சொன்னார்.

"விக்கிறவுக விக்கிறாக, வாங்குறவுக வாங்குறாக. நடுவுல நாம யாருடா மருமகனே?"

போய் பைப்பை மாட்டினேன். வளைவைப் பக்கவாட்டில், வாசலில் நின்றால் கண்ணில் குத்துகிற மாதிரி வைத்து இறுக்கினேன். சாயங்காலம் அருள் வந்தார், கூடவே செல்வமும். அருள் வண்டிக்கு முன்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். செல்வம் உடனே காற்றைப் பற்றி ஆரம்பித்தார். அருள் அவரை விட்டுவிட்டு என்னிடம் என்ன கோளாறு என்று கேட்டார். பைப் வளைந்திருக்கிறது, இதில் மலை இறங்காதீர்கள் என்றேன். செல்வம் காற்றை நிறுத்திவிட்டார்.

அருள் நன்றி சொல்வார் என்று நினைத்தால், செல்வத்தைப் பார்த்ததைவிட என்னைத்தான் அதிகச் சந்தேகமாகப் பார்த்தார். மெக்கானிக் கடையில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை போல.

"வேல பாத்த கடக்காரவுகளே வண்டி சரியில்லங்கிறீக. இதுல வேற என்னமோ வில்லங்கம் இருக்கு தம்பி, எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டு ஜீப் நிற்கிற பக்கம் நடந்துவிட்டார். செல்வம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வேறு கடைக்குப் போனார். அங்கே யாராவது வளைவைப் பின்பக்கம் திருப்பித்தான் வைத்திருப்பார்கள், அதற்கு நான் என்ன செய்ய? மாமா கத்தவில்லை. எல்லோரும் போன பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"ஏலே, உண்மையச் சொல்லு, அந்த ராயப்பன்பட்டிக்காரரு ஒனக்கு என்ன குடுத்தாரு?"

காற்று பைப்பை வளைத்ததைக்கூட நம்புகிற எங்கள் ஊரில் இன்றுவரை ஒருவரும் நம்பாத விஷயம், மாமா வளைவைப் பின்பக்கம் திருப்பச் சொல்லியும், யாரிடமும் காசு வாங்காமலே நான் அதைத் திருப்பாமல் விட்டதுதான்.